அனாமத்து

கோவிலூர் சாலையில் வால்வு செய்யும் கம்பெனி.
நான்கு பிரிவு, நான்கு மென்பொருள்.
ஒன்றோடு ஒன்று பேச வைக்க
ஆறு வாரம் போதும் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.
இது பதினான்காவது வாரம்.

பித்தளை உடல், இரண்டு அங்குலம்.
ஸ்டோரில் அதற்குப் பெயர் பி.உ. இருபது.
உற்பத்தியில் 'குண்டு'.
கணக்குப் பிரிவில் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
டெஸ்பாட்சில் பெயரே கிடையாது,
பெட்டிக்குத்தான் பெயர்.

சேவுகன் கிலோவில் இறக்கி வைப்பார்.
லூர்துராஜ் எண்ணிக்கையில் எடுத்துப் போவார்.
ஒன்று எத்தனை கிலோ என்று கேட்டேன்.
"வார்ப்பு ஒழுங்கா விழுந்தா ஒண்ணே முக்கால்.
மழை நாள்ல மண்ணு ஈரமா இருக்கும்,
கொஞ்சம் கூட வரும்."
என் அட்டவணையில்
மழைக்குக் கட்டம் போடவில்லை.

சிக்கந்தரின் மென்பொருள்
மாதத்தை முன்னால் சொல்லும்.
மார்ச் ஐந்தாம் தேதி லாரி ஏறிய சரக்கு
உமையாளின் கணக்கில்
மே மூன்றாம் தேதிதான் வாசலைத் தாண்டும்.
நடுவில் இரண்டு மாதம் அது எங்கே இருந்தது?
ஆடிட்டர் வருஷா வருஷம் கேட்பார்.
டீயும் சீயமும் வாங்கிக் கொடுத்து
பஸ் ஏற்றிவிடுவார்களாம்.

நான்கையும் உடைத்து
ஒன்றாக்கும் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
உமையாள் நின்று பார்த்தார்.
"எங்க வீட்டுக்கு ஒரே வாசல்.
அண்ணன் தம்பி அஞ்சு பேர்,
கல்யாணம் ஆனதும் ஆளுக்கொரு அடுப்பு.
கோயில் வரிக்கு ஒரு அடுப்பு ஒரு புள்ளி.
வரியை ஒண்ணா எண்ணுவாக,
குழம்பை ஒண்ணா ஊத்த மாட்டாக."
சொல்லிவிட்டு வவுச்சரில்
என் டாக்ஸிக் கட்டணத்தை அடித்துப் போனார்.

படத்தைக் கிழித்தேன்.
அடுப்புகள் இருந்த இடத்தில் இருக்கட்டும்,
நடுவில் ஒரு பேரேடு மட்டும்.

சனிக்கிழமை இரவு.
ஷிப்ட் இல்லை, கம்ப்ரெஸர் மட்டும்
எப்போதாவது பெருமூச்சு விட்டது.
பதினோராயிரத்துச் சொச்சம் பெயர்கள்.
முதல் ஓட்டத்தில் பொருந்தியது பூஜ்யம்.
இரண்டாவதில் ஒரு டஜன் வாஷர்,
அதுவும் தப்பான அளவு.

இரண்டேகால் மணிக்கு,
பொருந்தாததை எல்லாம் அச்சடித்துத்
தரையில் பரப்பி
மண்டியிட்டுப் பார்த்தபோது தெரிந்தது.
நான்கு தாளிலும் மிகப் பெரிய வரி
ஒரே வரிதான்.
சேவுகனிடம் அது 9999, மற்றவை.
லூர்துராஜிடம் 'அப்புறம் பாக்கலாம்'.
சிக்கந்தரிடம் வெறும் கேள்விக்குறி.
உமையாளிடம் அனாமத்து.

தெரியாததைப் போட்டு வைக்க
பதினோரு வருஷமாக
ஆளுக்கொரு குழி வெட்டியிருக்கிறார்கள்,
அடியில் நான்கும் ஒரே கிணறு.

அதைத்தான் முதலில் முடிச்சுப் போட்டேன்.
இழுக்க இழுக்க
குண்டு வந்தது,
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு வந்தது,
மே மாதத்து லாரி
மார்ச்சுக்குப் பின்னால் நகர்ந்து வந்தது.
விடியும்போது சிக்கந்தர் வந்து
காலணியைக் கழற்றிவிட்டு
தாள்களுக்கு நடுவே ஜாக்கிரதையாக நடந்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ மட்டும்
எவ்வளவு தேடியும் வரவில்லை.
புதிதாக ஒரு கட்டம் போட்டு
மழை என்று எழுதினேன்.

திங்கட்கிழமை.
புதுத் திரை முன் சேவுகன்.
புதுச் சரக்கு.
அலகு: கிலோவா, எண்ணிக்கையா?
கட்டாயம் நிரப்பவும்.
என்னைப் பார்த்தார்.
ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.
ஆள்காட்டி விரலால்
ஒரு புள்ளி வைத்தார்.

கணினி ஏற்றுக்கொண்டது.